மட்டம்

எங்கள் பக்கத்தில் பாதை என்றால்
தண்ணீரில் மிதக்கிற இரும்புத் தட்டு.
குருமண்வெளித் துறையில் அதன் ஏறுபலகை
அன்று ஈரமாக இருந்திருக்கிறது.
மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஏற்றியவர்
முழங்கால் குத்த விழுந்தார்.
"சைக்கிளுக்கு ஒண்டுமில்ல" என்றாராம் முதலில்.

பேரின்பராசா, நாற்பத்தாறு, மண்டூர்.
துண்டில் டொக்டர் அஸ்மியாவின் அவசர எழுத்து:
வலது முழங்கால். சில்லு உடைவோ?
முன்பக்கம், பக்கவாட்டு, மடக்கி ஒன்று.

மூன்றாவதை நான் எடுக்கவில்லை.

மடக்கினால்தான் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் நடுவே
கதிர் நுழையும்.
நெடுக்காகப் பிளந்திருந்தால் அதில்தான் தெரியும்,
தெரியும்தான்.
குறுக்கே உடைந்திருந்தால்
மடக்குகிற என் கையே துண்டுகளைப் பிரித்துவிடும்.
சிரட்டை என்றும் அதைச் சொல்கிறோம்.
எந்தப் பக்கம் வெடிக்கும் என்று
எந்தச் சிரட்டை முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது?

"காலை நீட்டினபடி தூக்குங்க, அண்ணன்."
பல்லைக் கடித்து ஒரு சாண் தூக்கினார்.
இழுக்கிற கயிறு அறவில்லை.
அதுவரை நிம்மதி.

திலகமலர் கதவடியில் நின்றார்,
கணவரின் ஒற்றைச் செருப்போடு.
"ஸ்கேன் எடுங்க மிஸ்.
பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு
தலைக்கே எடுத்தவங்க."

முன்பக்கப் படம் வந்தது.
வெளிப்புற மேல் மூலையில் தனியாக ஒரு துண்டு.
"உடைஞ்சுதான் இருக்கு" என்றான் தள்ளுவண்டிக்காரன்.
விளிம்பு வழவழப்பு. சுற்றிலும் வெள்ளைக் கரை.
இன்று காலை உடைந்த எதற்கும் இப்படிக் கரை இராது.
அவர் வலி காட்டிய இடமும் அது இல்லை.
டொக்டரிடம் கேட்டு இடது காலையும் எடுத்தேன்.
அதே மூலை, அதே துண்டு.
பிறந்த நாளிலிருந்து ஒட்டாமலே கிடக்கிறது.
"இருவது வருசம் ரெண்டு முழங்காலும் துண்டான ஆளோடயா
குடும்பம் நடத்தினன்?"
செருப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார் திலகமலர்.

பக்கவாட்டுப் படத்தை
அவர் மல்லாந்து கிடக்க, கதிரைக் கிடையாக விட்டு எடுத்தேன்.
சில்லில் கீறல் இல்லை.
தொடையில் இல்லை.
அணைக்கப் போனேன்.
சில்லுக்கு மேலே வீங்கிய பையில்
ஒரு கோடு.
அடிமட்டம் வைத்து இழுத்த கோடு.
கீழே இரத்தம், மேலே கொழுப்பு,
எஞ்சின் வள்ளம் போன பிறகு களப்பில்
எண்ணெய் தனியே மிதப்பதுபோல.
எலும்பின் உள்ளிருந்து கசியாமல்
அந்தக் கொழுப்பு அங்கே வராது.
கதிர் மேலிருந்து விழுந்திருந்தால்
அந்தக் கோடே எழுந்திராது.

தெரிந்த கோடு உடைவில்லை.
உடைவு எங்கே, தெரியவில்லை.

"எங்க இருக்கு?" என்றார் டொக்டர், போனில்.
"காணல்ல. ஆனா இருக்கு."
கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம் மட்டும்.
"சரி. சி.டி.க்கு மட்டக்களப்புக்கு அனுப்புவம்."

"நான் முதல்லயே சொன்னன்" என்றார் திலகமலர்.
சொன்னார்தான்.
அவர் சொன்ன நேரம் அதற்கு ஒரு காரணம் இருக்கவில்லை,
இதை எப்படி அவரிடம் சொல்ல?
பலகை வைத்துக் கட்டிய காலோடு
அம்புலன்ஸ் போனது.
செருப்பு என் மேசையடியில் கிடந்தது.

சி.டி. முடிவு என்னிடம் வராது.
வார்ட்டுக்குப் போகும். வழமை அது.
ஒன்பது நாள் கழித்துச் செருப்பைக் கொடுக்கவென்று
துறையில் நின்றேன்.
"சில்லு நெடுக்கா வெடிச்சிருக்காம், மயிரிழை" என்றார் பாதைக்காரர்.
"வெட்டத் தேவையில்லையாம். கட்டுப் போட்டிருக்கு."

நெடுக்காக.
நான் எடுக்காத படத்தில் அது இருந்திருக்கும்.

நாளைக்கு இன்னொரு வீங்கிய முழங்கால் வந்தால்
அதையும் மடக்க மாட்டேன்.
இதை எனக்கே இரண்டு தரம் சொன்னேன்.
களப்பு அசையாமல் கிடந்தது, மட்டமாக.
பாதை வந்து முட்டியது.
ஏறுபலகையில் யாரோ
மண் தூவியிருந்தார்கள்.